தோளுக்காக விட்ட காபி

எல் செய்போ,
ஜூன் 7, ஞாயிறு

அன்புள்ள எலாடியோ,

உன் நூரிஸ் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் ஒழுகும் கூரையும் சௌக்கியமாக இருக்கிறோம். உன் வலது தோள் எப்படி இருக்கிறது என்று விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். ஊரில் எல்லோரும் என்னிடம் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் அது கல் மாதிரி திடமாக இருக்கிறது, ஒரு காயமும் இல்லை என்று நீயே ரகசியமாக எழுதிவிட்டாய். அதனால் அந்த விசாரிப்பை மிச்சம் பிடித்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் போனில் பேசக்கூடாதா என்று கேட்காதே. இந்த ரகசியத்தை தோன் நிக்கோவின் மளிகைக் கடையில் நின்றுகொண்டு பேச முடியுமா? உன் குரல் வந்ததும் அவர் அரிசி நிறுப்பதை நிறுத்திவிடுகிறார். ரம் வாங்க வந்தவர்கள் ரம்மையே மறந்துவிடுகிறார்கள். உன் கடிதத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் இந்த வாரமே திரும்பிப் போகிறாராம், அவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை என் சலூனில் மூன்று பேர் தலையில் சுருள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவில் உன் பெயர் வந்தது. வலது தோளில் வீக்கம், பதினைந்து நாள் காயப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்றான். என் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. சுருள் போட்டிருந்த ஒருத்தி அப்படியே எழுந்து தெருவில் ஓடிப்போய் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை உன் கடிதம் வரும்வரை நான் ரேடியோவை விட்டு நகரவில்லை. படித்து முடித்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தேன். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் எனக்கு ஆறுதல் சொல்ல நான்கு பேர் காத்திருந்தார்கள்.

நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். உங்கள் பேஸ்பால் கிளப் ஒரு புதுப் பையனை ஆட்டத்தில் இறக்கப் பார்க்கிறது. இருபத்தைந்து பேர் பட்டியலில் இடம் இல்லை, யாராவது ஒருவர் இறங்க வேண்டும். உன்னைக் கீழ் அணிக்கு அனுப்பலாம் என்றால், அப்படி அனுப்பும் உரிமையை உன்மேல் ஏற்கெனவே செலவழித்துத் தீர்த்துவிட்டார்கள். இனி அனுப்பினால் வேறு எந்தக் கிளப் வேண்டுமானாலும் உன்னைக் கொத்திக்கொண்டு போகலாம். உன்னை விடவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் இடமில்லை. அதனால் உனக்கு ஒரு தோள்வலியைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். நீ நோயாளியாக இருக்கும்வரை அந்த இருபத்தைந்தில் உன்னைச் சேர்ப்பதில்லை, ஆனால் சம்பளம் மட்டும் முழுசாக வரும். இவ்வளவுதானே?

இப்போது என் சந்தேகங்கள். இல்லாத வலிக்கு எந்த டாக்டர் கையெழுத்துப் போடுகிறார்? பாதிரியாரிடம் போய் அவர் என்ன சொல்வார்? எந்த உறுப்பு வலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது யார், நீயா கிளப்பா? என்னைக் கேட்டிருந்தால் கால் விரல் என்று சொல்லியிருப்பேன். கால் விரலுக்காக யாரும் இத்தனை மெழுகுவத்தி ஏற்ற மாட்டார்கள்.

இன்னொன்றும் எனக்குப் பிடிபடவே இல்லை. நீ போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பந்து எறிந்தாய், நான் ரேடியோவில் கேட்டேன். பட்டியலில் போட்டது செவ்வாய்க்கிழமை. ஆனால் சனிக்கிழமையிலிருந்தே நீ நோயாளி என்று கணக்காம். நீ ஆடாமல் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களையும் நோயில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியாம். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. இந்த வசதி நம் ஊரிலும் இருந்தால் என் கோபங்கள் சிலவற்றைப் பின்தேதியிட்டுத் தொடங்குவேன். குளிர்கால ஆட்டத்தில் தொடங்குவேன். தோள் என்று ரேடியோவில் கேட்டதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கோடையெல்லாம் அங்கே எறிந்த கைக்கு ஓய்வு கொடு, ஊர் அணிக்காக எறியாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஊர்க்காரர்கள் கைதட்டுகிறார்கள் என்று ஜனவரிவரை எறிந்தாய். போகட்டும். என் வாய் முகூர்த்தம் பலிக்கவில்லை, அது போதும்.

நம் வீட்டில் இப்போது ஒரு மருந்துக் கடையே வைக்கலாம். பாம்புக் கொழுப்பு ஒரு புட்டி, சோற்றுக்கற்றாழை ஒரு கூடை. தோள்பட்டைக்குத் தேய்க்கும் தைலத்தை தோன் நிக்கோ இலவசமாகவே கொடுத்தார். அவர் இலவசமாகக் கொடுத்ததைப் பார்த்து ஊரே பயந்துவிட்டது, உன் நிலைமை அவ்வளவு மோசம் போலிருக்கிறது என்று.

ஆனால் உண்மையான கஷ்டம் வேறு. உன் அம்மா அல்தகிராசியா மாதாவிடம் நேர்ந்துகொண்டுவிட்டார். உன் கை குணமாகும்வரை காபி குடிப்பதில்லையாம். குணமானதும் இகுவெய் கோயிலுக்குப் போய் வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலில் நடந்து, வெள்ளியில் ஒரு சின்னக் கை செய்து மாதாவுக்குக் கட்டுவாராம். அந்த முழங்கால்களை உனக்கே தெரியும், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். அதைவிடக் காபி. காலையில் எழுந்ததும் காபி போடும் கிரேக்காவைப் பார்க்கிறார், அடுப்பைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். பிறகு நான் என்ன செய்தாலும் தப்பு. சீக்கிரம் குணமாகித் தொலை. இல்லாத நோய்தானே, குணமாவதற்கு என்ன சிரமம்?

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். பட்டியலிலிருந்து வெளியே வருவதற்கு முன் கை பழகுவதற்காகக் கீழ் அணியில் சில நாள் ஆடவிடுவார்களே, அப்போது பெரிய லீக்குக்காரன்தான் அந்தப் பையன்கள் எல்லோருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டும். நீ பொடியனாகக் கீழ் அணியில் ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும் தின்றுகொண்டிருந்தபோது, முதுகுவலி குணமாகி வந்த ஒருத்தர் எல்லோருக்கும் சிங்க இறால் வாங்கிக் கொடுத்தார் என்று எனக்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். 'ஒரு நாள் நானும் வாங்கிக் கொடுப்பேன், அதற்குக் குறைந்து எதுவும் இல்லை' என்று முடித்திருந்தாய். அந்த நாள் வந்துவிட்டது. கையை இறுக்காதே.

உன் அம்மாவின் ஆசீர்வாதம். அவர் அதைக் காபியில்லாமல் கொடுக்கிறார் என்பதால் இன்னும் விசேஷம்.

உன்,
நூரிஸ்


எல் செய்போ,
ஜூன் 24, புனித யோவான் திருநாள்

அன்புள்ள எலாடியோ,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ ஆடுகளத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அப்படி இருந்தால் இதன் பாதிப் பக்கத்தைப் படிக்காமலே கிழித்துப் போடலாம்.

பதினைந்து நாள் முடிந்துவிட்டது. அடுப்பில் வைத்த ரொட்டி மாதிரி, நேரமானால் தானாகவே வெளியே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று யொகாஸ்தாதான் என் மண்டையைத் தெளியவைத்தாள். ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆடுகிற லியோந்தேயின் பழைய மனைவி, அதுதான், ஆறு வருஷம் அங்கே குடித்தனம் நடத்திவிட்டு வந்தவள். முடியை நேராக்கிக்கொள்ள வந்திருந்தாள். லியோந்தே ஏறாத காயப் பட்டியல் இல்லையாம். நகைப்பெட்டியைத் திறந்து காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"பதினஞ்சுங்கறது அவ்வளவு நாள்ல வந்துடலாம்னு அர்த்தம் இல்லடி. அதுக்கு முன்னாடி வரக்கூடாதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் அவன் எப்ப வருவான்னு சாமிக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். லியோந்தே பதினஞ்சுல படுத்தான், மாங்கா சீசன் முடிஞ்சப்பதான் எழுந்தான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் விதிகளை எழுதியவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. காயம் பட்டவனைக் கீழ் அணிக்குத் தள்ளக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறதாம். அடிபட்டது எங்கே இருக்கும்போதோ, அந்த இடத்தின் மரியாதையோடுதான் அவன் படுத்திருக்க வேண்டுமாம். இதை எழுதியவனுக்கு நிச்சயம் ஒரு அம்மா இருந்திருக்கிறாள். பின்தேதி விதியை எழுதியவன் வேறு யாரோ, அவன் வட்டிக்கடைக்காரனாக இருப்பான்.

உன் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன், கோபப்படாதே. நான் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். என்னால் முடியவில்லை எலாடியோ. காபி இல்லாமல் அவர் சலூனுக்கு வருகிறவர்களையெல்லாம் முடியைப் பற்றி உண்மை பேசி அனுப்பிவிடுகிறார். போன வாரம் தலைவலியால் நாள் முழுக்கப் படுத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு, "அத்தே, உங்க பிள்ளைக்கு ஒண்ணுமே இல்ல. இடம் பண்றதுக்காகக் கிளப்பு சொன்ன பொய். அங்கே இது சகஜம்" என்று காதோடு சொன்னேன். சொல்லிவிட்டுக் கிரேக்காவையும் அடுப்பில் வைத்துவிட்டேன்.

அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "யார் சொன்னா?" என்று கேட்டார்.

நீயேதான் எழுதினாய் என்றேன்.

"அவன்தானே சொன்னான்?" என்றார். "மாதுளை மரத்துலேருந்து விழுந்து எலும்பு முறிஞ்சு வந்து நின்னப்பவும் அவன்தான் சொன்னான், ஒண்ணுமில்லம்மான்னு. சாயங்காலம் வரைக்கும் கையைச் சட்டைக்குள்ள வெச்சிக்கிட்டு இடது கையால சாப்பிட்டான். அடுப்பை அணை பொண்ணே."

"கிளப்பே பொய்னு சொல்லுது அத்தே."

"நான் நேர்ந்துக்கிட்டது மாதாகிட்ட, கிளப்புகிட்ட இல்ல."

பொங்கிய காபியை நானே குடித்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்து வாசனை பிடித்துக்கொண்டிருந்தார். பிடிவாதத்தில் அம்மாவும் பிள்ளையும் ஒரே அச்சு. சிரித்துக்கொண்டுதான் குடித்தேன், உன்னிடம் மறைக்கவில்லை. தன் ஒரு ஜோடித் தோட்டைத் தட்டானிடம் கொடுத்து அந்த வெள்ளிக் கையையும் செய்து வாங்கிவிட்டார், கட்டை விரல் அளவுதான் இருக்கிறது. வலது கையா இடது கையா என்று தட்டானிடம் மூன்று தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாராம். இல்லாத காயத்துக்கு இவ்வளவு துல்லியம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கூப்பிட்டதை நினைத்துப் பார்க்கிறேன். கடையில் ஒரே சத்தம், உன் குரலும் தூரத்தில் இருந்தது. கீழ் அணிக்குப் போய்ப் பழகிவிட்டாயா என்று கேட்டேன். போனேன் என்றாய். பையன்களுக்கு என்ன வாங்கிக் கொடுத்தாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "வறுத்த கோழி" என்றாய். பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டிருந்த தோன் நிக்கோவே முகம் சுளித்தார். "பெரிய லீக்குக்காரன் கோழியா வாங்கிக் குடுத்தான்? பாவம் அந்தப் பசங்க" என்றார். நான் உனக்காகப் பரிந்து பேசினேன், அந்த ஊரில் கடல் இல்லை, சிங்க இறால் கிடைத்திருக்காது என்று. ஆனாலும் எனக்கே கொஞ்சம் இடறுகிறது. நீ எத்தனையோ விதத்தில் என்னைச் சிரமப்படுத்தியிருக்கிறாய். கஞ்சத்தனம் மட்டும் உன்னிடம் நான் பார்த்ததில்லை.

சரி, பந்து எறியும் நாளைச் சீக்கிரம் சொல். ரேடியோவுக்கு முன்னால் முதலில் உட்காரப்போவது உன் அம்மாதான், ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் காலிக் கோப்பையோடு.

மாதா உன்னைக் காக்கட்டும், உன் விருப்பத்துக்கு எதிராகவாவது.

உன்,
நூரிஸ்


எல் செய்போ,
ஜூலை 8, புதன்

எலாடியோ,

அன்புள்ள என்று எழுதிவிட்டு அடித்தேன். பிறகு வேறு தாள் எடுத்தேன். தாள் வீணானதுதான் மிச்சம், அன்பு எங்கும் போகவில்லை. ஆனாலும் இன்றைக்கு அந்த வார்த்தையை நீ சம்பாதிக்க வேண்டும்.

திங்கட்கிழமை ரேடியோவில் மறுபடி உன் பெயர் வந்தது. உன்னைப் பதினைந்திலிருந்து அறுபது நாள் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்களாம். அவ்வளவுதான் சொன்னான், அடுத்து சிமெண்ட் விளம்பரம் போட்டுவிட்டான். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு புதுப் பையன் வந்திருப்பான், உன் பொய் நோய் கொஞ்சம் வளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். யொகாஸ்தா சாயம் போட வந்தபோது அவளிடமே பீற்றிக்கொண்டேன். ரகசியம் என்று தெரியும், ஆனால் அவளுக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டேன். என் புருஷன் பட்டியலில் சும்மா படுத்திருக்கிறான், காற்று வாங்குகிறான் என்றேன்.

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அவள் எப்போதும் என்னைவிட ஒரு படி மேலே நின்றுதான் பேசுவாள், உனக்கும் தெரியும். அன்றைக்கு இறங்கி வந்து பேசினாள். அதில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

"பதினஞ்சுல பொய்யாப் படுத்துக்கலாம் நூரிஸ். பாதிப் பேரு அப்படித்தான் படுக்கறாங்க. அறுபதுல யாரும் பொய்யாப் படுக்க மாட்டாங்க" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"கிளப்புக்கு நாப்பது பேரு பட்டியல்னு ஒண்ணு இருக்கு. அதுதான் அவங்க சொத்து. பதினஞ்சுல இருக்கறவன் அந்த நாப்பதுல இருந்துக்கிட்டே இருப்பான். அறுபதுக்குப் போனா அதுலேருந்தும் எடுத்துட்டு, அந்த இடத்துல வேற ஒருத்தனை வெச்சிக்கலாம்."

"அப்ப இடம் பண்றதுக்குத்தானே? அதையேதான் நானும் சொல்றேன்."

"முழுசாக் கேளு. அறுபதுல போட்டுட்டா, நாளைக்கே அவன் எழுந்து மலையைத் தூக்கினாலும் அறுபது நாள் முடியற வரைக்கும் கிளப்பால அவனைத் தொட முடியாது. உன் புருஷனை எதுக்குப் பொய் சொல்லி வெச்சிக்கிட்டாங்கன்னு சொன்ன? கைக்கு எட்டற இடத்துல வெச்சிக்கத்தானே? எட்டற இடத்துல வெச்சிக்கணும்னு பொய் சொன்னவங்க, எட்டாத இடத்துல கொண்டுபோய்ப் பூட்டுவாங்களா?"

என் கையில் சாயம் காய்ந்துகொண்டிருந்தது. நான் அதுவரை உன்னிடம் எத்தனை கேள்வி கேட்டிருக்கிறேன். டாக்டரைப் பற்றி, தேதியைப் பற்றி, கால் விரலைப் பற்றி. கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. பழகுவதற்காகக் கீழ் அணிக்குப் போனவன் எப்படி அறுபதுக்குப் போவான்? இதை யொகாஸ்தாவிடம் கேட்டேன். அவளும் திருப்பி ஒரு கேள்விதான் கேட்டாள், "அவன் கீழ் அணியில எறிஞ்சான்னு எந்த ரேடியோவாவது சொல்லுச்சா?" எதுவும் சொல்லவில்லை. நீ இருமினாலே சொல்கிற ரேடியோ, நீ எறிந்ததைச் சொல்லாமல் இருக்குமா?

நீ எங்கேயும் போகவில்லை எலாடியோ. எந்தப் பையனுக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுக்கவில்லை. இல்லாத கோழியை வறுத்திருக்கிறாய். உண்மையாகவே போயிருந்தால் அந்த ஊரில் கடல் இல்லாவிட்டாலும் சிங்க இறாலை எங்கிருந்தாவது வரவழைத்திருப்பாய், என் கடிதத்துக்கு இரண்டு பக்கம் பதிலும் எழுதியிருப்பாய். போனில் என் கேள்விக்கு நீ தயாராக இல்லை. சிங்க இறால் என்று பொய் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அந்த ஆசையின்மேல் மட்டும் உன்னால் பொய் சொல்ல முடியவில்லை, இல்லையா? நேற்று முழுக்க அதை நினைத்து நினைத்து அழுதேன். சாயம் போட வந்தவர்கள் எல்லாம் மருந்தின் நெடி என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் கோபம்தான் வந்தது. பொய்க் காயம் என்று ஒரு வழக்கம் உண்மையிலேயே இருக்கிறது என்பது உனக்கு வசதியாகப் போய்விட்டது. அதை எடுத்து எனக்கு அழகாகக் காது குத்தினாய். குளிர்காலத்தில் நான் சொன்னதைக் கேட்கவில்லை, இப்போது எந்த முகத்தோடு சொல்வது என்று நினைத்திருப்பாய். நான் சொல்லிக் காட்டுவேன் என்று பயந்திருப்பாய். சொல்லிக் காட்டியிருப்பேன்தான். முதல் கடிதத்தில், ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தபோதே சொல்லிக் காட்டினேனே. ஆனால் சொல்லிக் காட்டிவிட்டு அடுத்த விமானத்துக்குப் பணம் புரட்டியிருப்பேன். அந்த இரண்டாவது பாதி உனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றுதான் இப்போது வருத்தம்.

நீ பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னைச் சிரிக்க வைத்துவிட்டாயே, அதுதான் பொறுக்கவில்லை. ஒரு மாதமாக இந்த வீட்டில் ஒரு வயதான மனுஷி தன் பிள்ளையின் கைக்காகத் தலைவலியோடு படுத்திருந்தார். நான் அவர் எதிரிலேயே காபி குடித்துக்கொண்டு சிரித்தேன். ரேடியோக்காரன் சொன்னதை அவர் நம்பினார், நான் உன்னை நம்பினேன். அவர்தான் சரியாகத் தெரிந்துவைத்திருந்தார்.

திங்கட்கிழமை இரவே அவரிடம் போய்ச் சொன்னேன். நிஜமான காயம்தான் அத்தே, பெரிய காயமாக இருக்கும் போலிருக்கிறது என்றேன். அழுவார் என்று நினைத்தேன். என் தலையைத் தடவிவிட்டு, "தெரியும் பொண்ணே. நீ சிரிச்சிட்டிருந்ததாலதான் இந்த வீடு கொஞ்சமாவது வீடா இருந்துச்சு" என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

பிறகு நான் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். இனி உன்னால் பந்தே எறிய முடியாமல் போனால், உன் அம்மா செத்தாலும் காபி குடிக்க மாட்டாரா? அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "பந்தா? பந்துக்கு யாரு நேர்ந்துக்கிட்டது?" என்றார். "அவன் தன் கையைத் தூக்கித் தன் தலையைத் தானே வாரிக்கற வரைக்கும். அவ்வளவுதான் மாதாகிட்ட கேட்டேன். பந்து எறியறதெல்லாம் அவன் இஷ்டம்."

ஆகவே இப்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. உன்னால் உன் தலையை வாரிக்கொள்ள முடிகிறதா? இதற்கு மட்டும் உண்மையான பதில் வேண்டும். கிளப்பிடம் சொன்னதும் வேண்டாம், டாக்டர் எழுதிக் கொடுத்ததும் வேண்டாம். காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையைத் தூக்கிப் பார். எதுவரை போகிறதோ அதுவரை எழுது. காதுவரையா, தோள்வரையா, பட்டன் வரையா? வலிக்கிற இடத்தில் வலிக்கிறது என்று எழுது. எழுத வராவிட்டால் போனில் கூப்பிட்டுச் சொல். தோன் நிக்கோ கேட்டால் கேட்கட்டும், ஊரே கேட்கட்டும். இந்த வீட்டுக்கு இனி ரகசியம் போதும்.

கத்தி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தால் தனியாகப் போய்ப் படுக்காதே, நான் வருகிறேன். யொகாஸ்தா விசாவுக்கு யாரைப் பார்ப்பது என்று சொல்லியிருக்கிறாள், சலூனையும் பார்த்துக்கொள்கிறாளாம். அவள் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்க எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கத்தி வேண்டாம், ஓய்வு போதும் என்று சொல்லியிருந்தால் அந்த ஓய்வை இங்கே வந்து எடு. நீ எத்தனை மாதம் படுத்திருந்தாலும் யாரும் உன்னைக் கைதட்டி எழுப்ப மாட்டார்கள், நான் விடமாட்டேன். இனி எறியவே முடியாது என்று சொல்லியிருந்தால் அதையும் எழுது. அதற்காக இந்த வீட்டில் உன் நாற்காலியை யாரும் நகர்த்தப் போவதில்லை.

உங்கள் லீக் விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்றைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன், காயம் பட்டவனைக் கீழே அனுப்பக் கூடாது என்பது. விளையாட்டாகத்தான் எழுதினேன். இப்போது நிஜமாகச் சொல்கிறேன், நம் வீட்டிலும் அதே விதிதான். நாள் கணக்கு மட்டும் கிடையாது.

இகுவெய்க்கு நாம் மூன்று பேரும் சேர்ந்து போவோம். வெள்ளிக் கையை உன் அம்மா கட்டட்டும். முழங்காலில் போகப்போவது நான். மாதாவிடம் ஆள் மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டாகிவிட்டது, உன் அம்மா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, ஆட்டத்தின் நடுவில் ஆள் மாற்றுவதில்லையா என்று கேட்டுச் சம்மதிக்க வைத்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து நானும் காபியை விட்டுவிட்டேன். கிரேக்காவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இரண்டு பெண்கள், காபி கிடையாது, ஒரே கூரை. எங்கள் மேல் கொஞ்சமாவது இரக்கம் இருந்தால் சீக்கிரம் பதில் போடு. தலையை வாரிக்கொண்டு வா. வார முடியாவிட்டால் அப்படியே கலைந்த தலையோடு வா. நான் வாரிவிடுகிறேன், என் தொழிலே அதுதானே.

மாதா உன் கையைத் தன் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

அன்புள்ள,
நூரிஸ்